பெட்டி முறையைக் கண்டுபிடித்தவன் நானில்லை

பன்றி வளர்ப்போர் சங்கத்தின் சாதனையாளர் தேர்வுக் குழுச் செயலாளரும், என் மனைவியின் உடன்பிறந்த ஒரே தம்பியும், தற்சமயம் பல்வலியால் அவதிப்படுபவருமான மைத்துனர் அவர்களுக்கு, அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது.

வணக்கம். இங்கு நான், தங்கள் அக்கா, நாற்பத்தொரு தாய்ப்பன்றிகள், அவற்றின் குட்டிகள் அனைவரும் நலம். பதினேழாம் நம்பருக்கு மட்டும் இடது பின்னங்காலில் லேசான வீக்கம். அங்கு தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் செயலாளர் என்பதால் மரியாதையாகத் 'தாங்கள்' போட்டு ஆரம்பித்திருக்கிறேன். எத்தனை வரிக்குத் தாக்குப்பிடிக்கும் என்று தெரியவில்லை. மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கையெழுத்தோடு எனக்கு ஒரு கடிதம் வந்தது. நம் தொழிலுக்கு நிலைத்த பங்களிப்பு செய்தவர்கள் வரிசையில் இந்த ஆண்டு அடியேனைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், பிறந்த குட்டிகள் சாவதைப் பாதிக்கு மேல் குறைத்த 'பெட்டி முறை'யைக் கண்டுபிடித்ததற்காக வருகிற சனிக்கிழமை சங்கக் கூடத்தில் கேடயம் கொடுத்து, என் படத்தைச் சுவரில் மாட்டப்போவதாகவும் அதில் எழுதியிருந்தது. படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கள் அக்கா கண்ணில் படாமல் கடிதத்தைக் குருணை மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். இப்போதும் அந்த மூட்டை மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மூட்டை கோணல் என்று கொள்ளவும்.

மச்சான், அந்தப் பெட்டி முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. உன் அக்கா கண்டுபிடித்தாள். (பார்த்தாயா, 'தாங்கள்' போய்விட்டது.)

நீ சங்கத்தில் ஃபைல் பார்க்கிற ஆள், கொட்டகைக்குள் கால் வைத்து எத்தனை வருஷமோ தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு தாய்ப்பன்றி பன்னிரண்டு குட்டி போடுகிறது என்று வைத்துக்கொள். முதலில் வந்த ஆறும் தடியன்கள், வந்ததும் வராததுமாகச் சீம்பாலைக் குடித்துவிட்டுக் காம்பை விடாமல் படுத்துக்கொள்ளும். கடைசியில் வருவது சோனி, அது இடித்துப் பிடித்து உள்ளே நுழைவதற்குள் பால் தீர்ந்துவிடும். முதல் நாள் சீம்பால் கிடைக்காத குட்டி மூன்றாம் நாள் தங்காது. எங்கள் பண்ணையில் ஈற்றுக்கு நாலு குட்டி போய்க்கொண்டிருந்தது. நான், என் அப்பா, கால்நடை மருத்துவர் எல்லோரும் தீவனத்தை மாற்றினோம், வைக்கோலை மாற்றினோம், ஒரு தடவை கொட்டகை வாசலையே மாற்றினோம். உன் அக்கா ஒரு நாள் பகலில், குட்டி போட்டுக்கொண்டிருந்த பன்றிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து வீட்டுக்குள் போய், ரேடியோ வந்த அட்டைப்பெட்டியை எடுத்துவந்தாள். குடித்து முடித்த தடியன்கள் முதுகில் நீலச் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். ஒரு மணி நேரம் சோனிகளுக்கு மட்டும் காம்பு. அப்புறம் இடம் மாற்று. அவ்வளவுதான். அந்த ஈற்றில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

எங்கே கற்றாய் என்று கேட்டேன். "வீட்டுல தினமும் செய்யுறதுதானே" என்றாள். யோசித்துப் பார்த்தேன். வாஸ்தவம்தான். எங்கள் பெரியவனை ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பிவிட்டுத்தான் சின்னவளுக்கு முதலில் சாப்பாடு போடுவாள். பெரியவனுக்கு முப்பது வயதாகப்போகிறது, அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

சரி, அவள் கண்டுபிடித்தது என் பெயரில் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பதினெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அந்த வருஷம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். இந்த முறையைப் பற்றிப் பேச எங்கள் பண்ணையிலிருந்து ஆள் கேட்டிருந்தார்கள், அவள்தான் போவதாக இருந்தது. அன்று காலை பார்த்து இரண்டு பன்றிகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன. "நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் நகர முடியாது" என்றாள். போனேன். சொன்னேன். நன்றாகவே சொன்னேன், மச்சான். நடுவில் ஒரு நகைச்சுவைகூடச் சொன்னேன். 'என் மனைவி' என்று ஆரம்பிக்கலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் 'நாங்கள்' என்று வாயில் வந்தது, கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்ததும் 'நான்' என்று ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று சத்தியமாகத் தெரியவில்லை. முடித்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கு அதுவரை யாரும் கை தட்டியதில்லை. தலைவர் குறிப்பேட்டில் என் பெயரை எழுதச் சொன்னார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, "எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க" என்றேன். அவள் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். "யாருக்கு?" என்று கேட்டாள். "முறைக்கு" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாளியை எடுத்தாள். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு இன்றைக்கும் வாளிச் சத்தம் கேட்டால் அந்த 'யாருக்கு?'தான் காதில் விழுகிறது, பண்ணையில் வாளிச் சத்தத்துக்கா பஞ்சம்?

அன்றிலிருந்து எனக்குப் 'பெட்டிக்காரர்' என்று பெயர். அந்தப் பெயருக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நான் சவப்பெட்டி செய்கிறவன் என்று நினைத்து ஒருவர் அழுதுகொண்டே நூலில் அளவெடுத்து வந்து நின்றார். 'நான் அந்தப் பெட்டி இல்லீங்க, பன்றிக்குட்டிப் பெட்டி' என்றதும் அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னை அடிக்க வந்தார், அவரைச் சமாதானப்படுத்தத் தேநீர் போட்டுக் கொடுத்ததும் உன் அக்காதான்.

கடிதம் வந்ததிலிருந்து உண்மையைச் சொல்லிவிட நான் எடுத்த முயற்சியை எல்லாம் கேள். முதலில் தலைவருக்குப் போன் போட்டேன். உனக்குத் தெரியாதவரா, கசாப்புக்கடை வைத்திருந்தவர், பன்றியைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்வதால் எல்லோரும் தராசு என்று கூப்பிடுவார்களே, அவர்தான். "ஐயா, அது நான் கண்டுபிடிச்சதில்ல" என்றேன். "பெரிய மனுஷங்க இப்படித்தான் சொல்வாங்க" என்றார். "இல்லீங்கய்யா, நிஜமாவே நான் இல்ல." "இந்த அடக்கம் இருக்கே, இதுக்கே தனியா ஒரு கேடயம் குடுக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். சரி, எழுத்தில் கொடுத்தால் மறுக்க முடியாது என்று உங்கள் சங்கச் செய்தி மடலுக்கு, 'இந்தப் பெருமைக்கு நான் தகுதியானவன் அல்லன்' என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஆசிரியர் அதை முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டு, மேலே 'அடக்கத்தின் மறுபெயர்' என்று தலைப்பு வைத்துவிட்டார். மனைவியைப் பற்றி எழுதிய பத்தியை இடமில்லை என்று வெட்டிவிட்டார். மிச்சமிருந்த இடத்தில் புழு நீக்கும் மருந்துக்கு விளம்பரம்.

மூன்றாவதுதான் போன வியாழக்கிழமை நடந்தது. தேர்வுக் குழு நேரில் பார்வையிட வருகிறது என்று தகவல். அன்றைக்குப் பார்த்து உனக்குப் பல்வலி. தராசும் போட்டோக்காரரும் மட்டும் வந்தார்கள். உன் அக்காவிடம் நான், பன்றிக் கணக்கெடுப்புக்கு ஆள் வருகிறார்கள் என்று சொல்லிவைத்திருந்தேன், அவளும் நம்பிவிட்டாள், தீவன அறைக்குப் போய்விட்டாள். பதினேழாம் நம்பர் அப்போதுதான் பதின்மூன்று போட்டு முடித்திருந்தது. "எங்கே, அந்த முறையைச் செய்து காட்டுங்க" என்றார் தராசு. எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு இது சரியாக வராது. பதினெட்டு வருஷமாகச் செய்வது அவள், நான் பல்பு மாற்றுவதோடு சரி. செய்துகாட்டித் தோற்றுப்போனால் அவர்களே தெரிந்துகொள்வார்கள் இல்லையா? அதனால் தைரியமாகச் சாக்கட்டியை எடுத்தேன்.

குடித்த குட்டிக்கு மட்டும்தான் கோடு போட வேண்டும், அதுதான் முறையின் உயிரே. ஒன்றுக்குப் போட்டேன். "ஆகா, அப்படியே இருங்க" என்றார் போட்டோக்காரர். "சிரிங்க. வெளிச்சம் சரியில்ல, இன்னொண்ணு போடுங்க. இப்படித் திரும்பி இன்னொண்ணு." அவர் சொல்லச் சொல்ல நானும் போட்டுக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்த்தால் பதின்மூன்று குட்டி முதுகிலும் நீலக் கோடு. எது குடித்தது, எது குடிக்கவில்லை, யாருக்குத் தெரியும்? குத்துமதிப்பாக ஆறைப் பிடித்துப் பெட்டியில் போட்டேன். பசித்த குட்டிகளைப் போட்டிருக்கிறேன் போல, ஆறும் ஒரே நேரத்தில் வீறிட்டன. அந்தச் சத்தம் கேட்டால் எந்தத் தாய் படுத்திருக்கும்? பதினேழாம் நம்பர் கால் வீக்கத்தையெல்லாம் மறந்து எழுந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினேன், அடி ஈரமாயிருந்த பெட்டி பிய்ந்துகொண்டது, ஆறும் ஆறு திக்கில் ஓடின, போட்டோக்காரர் கேமராவைக் காப்பாற்றுகிறேன் என்று தீவனத் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார், தராசு நூற்றுப்பத்து கிலோ உடம்போடு தடுப்புக்கம்பி மேல் ஏறி நின்று, "யோவ் பெட்டிக்காரரே, இதுவும் முறையில உள்ளதுதானா?" என்று கத்துகிறார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். போதும், மானம் போயிற்று, உண்மை தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது உன் அக்கா வந்தாள். ஓடிவரவில்லை, கையைத் துடைத்துக்கொண்டே நடந்துதான் வந்தாள். பதினேழாம் நம்பரின் காதுக்குப் பின்னால் சொறிந்து, "என்னம்மா, என்ன ஆச்சு, படு" என்றாள். படுத்துவிட்டது. ஒவ்வொரு குட்டியாகப் பிடித்து வயிற்றை ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, "இவன் குடிச்சிட்டான், இவ குடிக்கல, இவன் குடிச்சிட்டு நடிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே பிரித்தாள். குடிக்காதவற்றின் கோட்டை முந்தானையால் துடைத்தாள். வேறு பெட்டி வைத்தாள். பல்பின் உயரத்தை ஒரு சாண் இறக்கினாள். மொத்தம் ஐந்து நிமிஷம். கொட்டகையே அமைதியாகிவிட்டது, சோனிகள் குடிக்கிற சத்தம் மட்டும்தான். அப்புறம் தொட்டியில் உட்கார்ந்திருந்த போட்டோக்காரருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

தராசு கம்பியிலிருந்து இறங்கினார். கண்ணெல்லாம் ஈரம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இதோ, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "வீட்டம்மாவ எப்படிப் பழக்கி வச்சிருக்கீங்க! சொல்லிக்குடுக்கிறவன்தான்யா பெரிய ஆளு."

மச்சான், எனக்குக் கோபம் சுலபத்தில் வராது, உனக்கே தெரியும். நீ என் சைக்கிளைக் கிணற்றுக்குள் விட்டபோதுகூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அன்றைக்கு உச்சந்தலையில் ஏறியது. அவர்மேல் இல்லை, என்மேல்தான். அவர் அப்படி நினைப்பதற்கு அன்று மேடையில் விதை போட்டவன் நான் அல்லவா? எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுத்தில் இதை எழுதவே இத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். நான் முடிவு எடுத்தால் எடுத்ததுதான், உன் அக்கா மாற்றச் சொன்னால் ஒழிய. சனிக்கிழமைக்குள் நீ என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுத வேண்டும். குழு ஒத்துக்கொள்ளாது, விதி இடம் தராது என்றெல்லாம் எனக்குக் கதை சொல்லாதே. அந்தக் கூடத்துச் சுவரில் இப்போது பதினான்கு படம் இருக்கிறது. கவிழாத தொட்டி செய்தவர், புகை போட்ட இறைச்சியை முதன்முதலில் டப்பாவில் அடைத்தவர், வெள்ளை ஆண்பன்றியைக் கப்பலில் இறக்கியவர் என்று பதின்மூன்று ஆம்பிளைகள். பதினாலாவது அந்த ஆண்பன்றி. பன்றியிலேகூட ஆணைத்தான் மாட்டியிருக்கிறீர்கள், குட்டி போட்டதெல்லாம் யார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்த வரிசையில் அந்த ஆண்பன்றிக்குப் பக்கத்தில் நான் தொங்கமாட்டேன். பெயரை மாற்றாவிட்டால் சனிக்கிழமை நான் வரவே மாட்டேன், கொட்டகையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மேடையில் ஏறி நானே சொல்லலாமே என்று நீ கேட்கலாம். அது மட்டும் என்னால் முடியாது, மச்சான். அந்த மேடையில் எனக்கு வாய் ஏடாகூடமாகப் போகும் என்று ஒரு தடவை பார்த்தாகிவிட்டது.

இன்னொன்று. என் பெயரைப் போட்டு அந்த விண்ணப்பத்தை உங்களுக்கு அனுப்பிய பாவி யார் என்று தெரிய வேண்டும். எவனோ எனக்கு வேண்டாதவன்தான் இப்படிச் செய்திருக்கிறான். கையில் கிடைத்தால் பதினேழாம் நம்பர் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவேன்.

பல்லுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. வீட்டில் எல்லோரையும் நான் கேட்டதாகச் சொல். நீயும் உன் பிள்ளைகளும் குறைவில்லாமல், முக்கியமாகப் பொய்யில்லாமல், நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
சுவரில் ஏறச் சம்மதிக்காத
உன் அத்தான்

பி.கு. இதெல்லாம் உன் அக்காவுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது. பட்டியலில் பெயர் வந்த பிறகு தெரிந்தால் போதும். தீவனக் கம்பெனிக்குப் புகார் என்று சொல்லி அவளிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

இன்னொரு பி.கு. தம்பி, இது அக்கா எழுதுறேன். தீவனக் கம்பெனிக்கு இவ்வளவு கனமா உறை போகுது, அதுவும் உன் விலாசத்துக்குன்னா பிரிச்சுப் பாக்காம இருப்பேனா? படிச்சேன். ரேடியோ பெட்டி இல்ல, மின்விசிறிப் பெட்டி. பல்ப ஒரு சாண் இறக்கல, ஏத்தினேன். அதைக்கூடச் சரியா எழுதத் தெரியல, இவர் கண்டுபிடிச்சாராம். பன்றிக் கணக்கெடுக்க வர்றவங்களுக்காக யாரும் புதுச் சட்டை போட்டுத் தலை வாரிக்கிட்டு நிக்க மாட்டாங்க, அதையும் பார்த்தேன். நீ வந்தா உன் மூஞ்சியே காட்டிக்குடுத்துடும்னு உனக்குப் பல்வலி வரச் சொன்னது நான்தான்னு இன்னும் அவருக்குத் தெரியாது, தெரிய வேணாம். அந்த விண்ணப்பத்தை அனுப்பின பாவியும் நான்தான்னு உனக்குத் தெரியும், வாய மூடிக்கிட்டு இரு.

அவர் கேட்டபடி நீ பேரை மாத்தாத. ஒரு எழுத்தும் மாத்தாத. இந்தக் கடிதத்துக்குப் பதிலும் போடாத. அன்னைக்கு நான் 'யாருக்கு'ன்னு கேட்டேன். பதினெட்டு வருஷமாச்சு, பதில் வரல. பட்டியல்ல நீ எழுதினா அது உன் பதில். எனக்கு அவர் பதில்தான் வேணும், அதே கூடத்துல, அதே ஆளுங்க முன்னாடி. தாழ்ப்பாள் போட்டுக்குவாராமே, அந்தத் தாழ்ப்பாளப் படிச்ச உடனே கழட்டிட்டேன். நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன், முதல் வரிசையில உக்காருவேன். மேடை ஏறினா சொல்லிடுவார், எனக்குத் தெரியும், முப்பத்திரண்டு வருஷமாப் பாக்குறேன், அவ்வளவு மோசமான மனுஷன் இல்ல.

வெள்ளைப் பன்றிப் படத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டிட்டு, பக்கத்துல ஒரு ஆணி அடிச்சு வை. என் படத்தை நான் கொண்டு வர்றேன்.